ஆள் ஏறாத நிலையம்: புக்கிட் தீமாவின் கதை

சிங்கப்பூரில் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தை விட்டு வெளியே வந்தால், புக்கிட் தீமா சாலைக்கு மேலே குறுக்காகக் கிடக்கும் பழைய இரும்புப் பாலம் கண்ணில் படும். அந்தப் பாலத்தின் மட்டத்துக்கு ஏறித் தெற்கே கொஞ்சம் நடந்தால் ஒரு சின்னச் செங்கல் கட்டடம் வரும். ஓட்டுக் கூரை, ஒரு பிளாட்பாரம், பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர் எழுதிய பலகை, அதற்கு முன்னால் எங்கேயும் போகாத கொஞ்சம் தண்டவாளம். சனி, ஞாயிறு காலையில் போனால் சைக்கிள்காரர்களும் கல்யாணப் படம் எடுக்க வந்தவர்களும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். போன தடவை நான் போயிருந்தபோது பக்கத்தில் ஒரு சிறுமி தன் தாத்தாவிடம் கேட்டாள்: "தாத்தா, இங்க டிக்கெட் எங்க வாங்குவாங்க?" தாத்தா சுற்றுமுற்றும் பார்த்தார். "உள்ள ஒரு ஜன்னல் இருந்திருக்கும்மா" என்று சமாளித்தார்.

அவள் கேட்டது சரியான கேள்வி. இந்த நிலையத்தின் கடைசிக் காலத்தில் இங்கே ஏறியவர்களும் இல்லை, இறங்கியவர்களும் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனாலும் 2011 ஜூன் 30 இரவுவரை இங்கே ஒரு நிலைய அதிகாரி வேலையில் இருந்தார். அவர் கையால் ஒரு பொருளை வாங்கிக்கொள்ளாமல் எந்த ரயிலும் இந்த இடத்தைத் தாண்டவில்லை. பயணிகளே வராத நிலையத்தை எதற்கு அத்தனை வருஷம் நடத்தினார்கள்? அப்புறம் ஏன் ஒரே ராத்திரியில் மூடினார்கள்? முதல் கேள்விக்குப் பதில் ஒற்றைத் தண்டவாளம். இரண்டாவதற்கு, 1918-இல் போட்ட ஒரு நிலச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால் கொஞ்சம் பின்கதை இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் ரயில் பாதை 1903 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. டேங்க் ரோட்டில் கிளம்பிய ரயில் அப்போது புக்கிட் தீமாவரைதான் வந்தது. சில மாதங்களில் பாதை வடக்கே உட்லண்ட்ஸ்வரை நீண்டது. கடலுக்கு அக்கரையில், மலாயாவின் தென்முனையில் இருக்கும் ஜொகூருக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கிப் படகு பிடித்தார்கள். டேங்க் ரோடு என்றதும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு முருகன் கோயில்தான் நினைவுக்கு வரும். செட்டியார்கள் 1859-இல் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலும், தீவின் முதல் ரயில் முனையமும் ஒரே சாலைக்காரர்கள். தைப்பூசக் காவடி இன்றைக்கும் அந்த வாசலுக்கு வந்து சேர்கிறது. ரயிலைத்தான் காணோம்.

1923-இல் ஜொகூர் பாலம் தயாரானது. முதலில் சரக்கு ரயில், அக்டோபரில் பயணிகள் ரயில். சிங்கப்பூரில் ஏறி உட்கார்ந்தவர் பெட்டி மாறாமலேயே மலாயாவுக்குள் போய்விடலாம் என்று ஆனது. நல்லதுதான், ஆனால் டேங்க் ரோடு முனையம் அந்தக் கூட்டத்துக்குப் போதவில்லை. பழைய பாதை நியூட்டன் பக்கமாக, ஊரின் நடுவே, சாலைகளை வெட்டிக்கொண்டு ஓடியது. ரயில் வரும்போதெல்லாம் கேட்டை மூட வேண்டும், மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும் காரும் நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, பாதை துறைமுகத்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ரப்பரும் ஈயமும் ஏற்றிவரும் ரயில் கப்பலுக்குப் பக்கத்தில் போய் நிற்காவிட்டால் அந்த ரயிலால் என்ன பயன்?

ஆகவே புக்கிட் தீமாவிலிருந்து பழைய பாதையைக் கைவிட்டுவிட்டு, மேற்காக வளைந்து தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போகும் புதிய பாதை ஒன்றைப் போட்டார்கள். சாலைகளுக்கு மேலும் கீழுமாகப் பாலம் கட்டி, கேட் மூடும் தொல்லையைக் குறைத்தார்கள். ஆளுநர் செசில் கிளெமெண்டி 1932 மே 2 அன்று தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்துவைத்தார். அதன் முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் என நான்கு பளிங்குச் சிலைகள். இத்தாலியச் சிற்பி ஆஞ்சலோ வன்னெட்டியின் கைவண்ணம். ஒரு பேரரசு தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்பதை அந்த முகப்பைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். அதே திட்டத்தில், பாதை பிரியும் இடத்தில், சிலையும் பளிங்கும் இல்லாமல் கட்டியதுதான் இன்றைய புக்கிட் தீமா நிலையம். இங்கிலாந்தின் கிராமத்து நிலையத்தைக் கொண்டுவந்து வெப்ப மண்டலத்தில் வைத்ததுபோல் இருக்கும். மலேசியாவின் சின்ன ஊர்களில் இதன் சகோதரர்களை நிறையப் பார்க்கலாம்.

சரி, அந்தக் கையால் வாங்கும் பொருளுக்கு வருவோம்.

தஞ்சோங் பகாரிலிருந்து ஜொகூர்வரை இருந்தது ஒற்றைப் பாதை. ஒரே தண்டவாளத்தில்தான் போகிற ரயிலும் வருகிற ரயிலும். இரண்டும் எதிரெதிரே வந்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் நடுவில் எங்காவது பாதை இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றுசேர வேண்டும். ஒரு ரயில் அதில் ஒதுங்கி நிற்க, இன்னொன்று தாண்டிப்போகும். புக்கிட் தீமாவில் இருந்தது அந்த ஒதுங்குபாதை. பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும், இந்த நிலையம் இல்லாமல் இந்தப் பாதை ஓடாது என்பதற்கு இதுதான் காரணம்.

ஒதுங்க இடம் இருந்தால் மட்டும் போதாது. யார் போகலாம், யார் நிற்க வேண்டும் என்பதில் ஒரு பிசகும் வரக்கூடாது. அதற்காக வந்ததுதான் டோக்கன். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சாவிகள் வைத்திருப்பார்கள். துண்டின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டுக்கும் மின்கம்பி இணைப்பு. ஒரு பெட்டியிலிருந்து ஒரு சாவியை வெளியே எடுத்துவிட்டால், அதை இரண்டில் ஏதாவது ஒரு பெட்டியில் திரும்பப் போடும்வரை எந்தப் பெட்டியும் இன்னொரு சாவியைத் தராது. ஆகவே ஒரு துண்டுக்கு வெளியே உலவும் சாவி எப்போதும் ஒன்றுதான். அது கையில் இருக்கும் ஓட்டுநருக்கு மட்டுமே அந்தத் துண்டில் நுழைய உரிமை. சாவி இல்லாதவர் நிற்க வேண்டியதுதான், அவர் ஓட்டுவது விரைவு ரயிலாக இருந்தாலும் சரி.

இதில் பார்க்கச் சுவையானது அந்தக் கைமாற்றம். சாவியை ஒரு தோல் பையில் போட்டு, பையை ஒரு பெரிய வளையத்தில் மாட்டியிருப்பார்கள். ரயில் நிற்காது, வேகத்தைக் குறைத்து ஊர்ந்துவரும். நிலைய ஊழியர் பிளாட்பாரத்தின் ஓரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்ஜினிலிருந்து ஒரு கை வெளியே நீளும். தாண்டி வந்த துண்டின் வளையம் கீழே வரும், அடுத்த துண்டின் வளையம் மேலே போகும். எல்லாம் சில நொடி. வளையம் பெரிதாக இருப்பதற்குக் காரணமே இந்த ஓட்டத்தில் கையை நுழைத்துப் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்பதுதான். ஊழியர் வாங்கிய சாவியை உள்ளே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்ட பிறகுதான் அந்தத் துண்டில் அடுத்த ரயிலுக்கு வழி பிறக்கும்.

தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சிங்கப்பூர், மலேசியப் பாதையும் அதே ஒரு மீட்டர் அகலம்தான். இந்திய ரயில்வேயில் சாவிக்குப் பதில் பல இடங்களில் ஒரு உலோகப் பந்து இருந்தது. வளையமும் பையும் அங்கேயும் உண்டு. மலேசியப் பாதைகளின் பெரும்பகுதி நவீன சைகை முறைக்கு மாறிய பிறகும், கணினியால் இயங்கும் எம்ஆர்டி ரயில்கள் அதே தீவில் ஓடிக்கொண்டிருந்தபோதும், புக்கிட் தீமாவில் மனுஷக் கை வளையத்தை நீட்டிக்கொண்டிருந்தது. கடைசி மாதங்களில் கேமராவோடு இங்கே குவிந்தவர்கள் எடுத்த படங்களில் பாதி இந்த வளையப் படங்களாகத்தான் இருக்கும். மூடப்போகிறார்கள் என்று தெரியும்வரை யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததையும் சொல்லத்தான் வேண்டும். நானும் அந்த 'யாரும்' பட்டியலில் ஒருவன்.

மனிதர்கள் இறங்காவிட்டாலும் குதிரைகள் இறங்கியிருக்கின்றன. பந்தயத் திடல் 1933-இல் புக்கிட் தீமாவுக்கு வந்தது. மலாயாவிலிருந்து பந்தயக் குதிரைகளை ரயிலில் ஏற்றிவந்து இங்கே இறக்குவார்கள். 1960-களில் இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஜூரோங் தொழிற்பேட்டைக்காக இங்கிருந்து மேற்கே ஒரு கிளைப் பாதை போட்டார்கள். லாரிகளோடு போட்டி போட முடியாமல் 1990-களின் தொடக்கத்தில் அது படுத்துவிட்டது. கிளெமெண்டி வட்டாரத்தில் சன்செட் வே சாலைக்கு மேலே இன்னும் ஒரு பாலம் நிற்கிறதே, அது அந்தக் கிளையின் மிச்சம்தான்.

தண்டவாளத்தைச் சுற்றி யார் இருந்தார்கள் என்று கேட்டால், பதிலில் பாதி தமிழில் வரும். மலாயா ரயில்வேயில் கல் கொட்டி, கட்டை போட்டு, பாதையைப் பராமரித்த கூலிகளில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். அலுவலகத்திலும் நிலைய அதிகாரி நாற்காலியிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள் என்பதால் பிரிட்டிஷார் அவர்களைத் தேடித்தேடி எடுத்தார்கள். ஒரே மொழி பேசிய இரண்டு கூட்டத்தாரும் ஒரே ரயிலுக்காக உழைத்தார்கள். ஆனால் ஒருவர் வெயிலில், இன்னொருவர் மின்விசிறியின் கீழ். இந்த இடைவெளியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அந்தத் தொழிலாளிகள் விட்டுப்போன அடையாளம் ஒன்று இன்றும் நன்றாகவே இருக்கிறது. புதிய பாதை வந்த 1932-ஐ ஒட்டி, குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தின் ஓரத்தில் ரயில்வே ஊழியர்கள் முனீஸ்வரனுக்கு ஒரு சின்னக் கோயில் வைத்தார்கள். ஊரில் எல்லையைக் காக்கும் சாமி, இங்கே தண்டவாளத்தைக் காக்க வந்தார். கோயில் பிறகு இடம்மாறி, 1998-லிருந்து காமன்வெல்த் டிரைவில் பெரிய கோபுரத்தோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நிற்கும் இளையர்களில் எத்தனை பேருக்கு இது ரயில்காரர் கோயில் என்று தெரியுமோ.

இப்போது நிலப் பத்திரம். 1918-இல் சிங்கப்பூர் ரயில்வேயை மலாய் மாநிலங்களின் ரயில்வேக்கு மாற்றிக்கொடுத்தபோது, பாதையும் நிலையங்களும் இருந்த நிலத்தில் பெரும்பகுதியை 999 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். எழுதியவர்களுக்கு அதில் பெரிதாக யோசிக்க எதுவும் இல்லை. இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சி, இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றியதுபோலத்தான். ஆனால் 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானதும் அந்தச் சாதாரணக் குத்தகை ஒரு விசித்திரமாகிவிட்டது. தீவின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை, சுமார் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒல்லியான நாடாபோல ஒரு நிலம். அது சிங்கப்பூரில் இருந்தது, ஆனால் அதைக் கையில் வைத்திருந்தது மலேசிய ரயில் நிறுவனம். நிலமோ உலகத்திலேயே விலை கூடிய நிலங்களில் ஒன்று. இருந்தாலும் ஓரத்தில் ஒரு கட்டடம் எழவில்லை, புல்லும் மரமும் வளர்ந்தன. இன்று நாம் பசுமை வழி என்று கொண்டாடும் மரங்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது இந்தத் தகராறுக்குத்தான்.

1990 நவம்பர் 27 அன்று, பிரதமர் பதவியிலிருந்து விலகுவதற்கு முந்தைய நாள், லீ குவான் இயூ மலேசிய நிதியமைச்சர் டைம் சைனுதீனோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதில் நம் நிலையத்துக்கு ஒரு பெரிய வேடம் இருந்தது. தஞ்சோங் பகாரைக் காலி செய்துவிட்டு ரயில் முனையத்தை முதலில் புக்கிட் தீமாவுக்கு மாற்றுவது, பிறகு எம்ஆர்டி உட்லண்ட்ஸ்வரை போனதும் அங்கே மாற்றுவது என்பது ஏற்பாடு. அது நடந்திருந்தால், ஆள் ஏறாத இந்தக் குட்டி நிலையத்தின் பக்கத்திலேயே கோலாலம்பூர் விரைவு ரயில்கள் வந்து நின்றிருக்கும், பெட்டி படுக்கையோடு கூட்டம் அலைமோதியிருக்கும்.

நடக்கவில்லை. ஒப்பந்தம் எப்போதிலிருந்து செல்லும் என்பதிலேயே இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டன. மலேசியப் பிரதமர் மகாதீருக்கு இன்னொரு மனத்தாங்கல்: இரண்டு நாடுகளும் கூட்டாக மேம்படுத்த வேண்டிய நிலங்களின் பட்டியலில் புக்கிட் தீமா நிலம் சேர்க்கப்படவில்லை. வளையம் கைமாறிக்கொண்டிருந்த அதே இடம்தான், இருபது ஆண்டு இழுபறியின் முடிச்சுகளில் ஒன்றாக இருந்தது. பிளாட்பாரத்தில் நின்றிருந்த ஊழியருக்கு இதெல்லாம் எவ்வளவு தூரம் எட்டியதோ.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1998 ஆகஸ்ட் 1 அன்று சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையைத் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரை விட்டு நகர மாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். விளைவு, பயணி முதலில் மலேசிய அதிகாரியைத் தாண்டுவார், அப்புறம் அரைமணிக்கும் மேலாகச் சிங்கப்பூருக்குள்ளேயே பயணம் செய்வார், அதற்கும் பிறகுதான் சிங்கப்பூர் அதிகாரியிடம் விடைபெறுவார். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. புக்கிட் தீமாவைத் தாண்டிய பெட்டிகளில் இருந்தவர்கள் அப்போது எந்த நாட்டில் இருந்தார்கள் என்று ஒரு வக்கீலைக் கேட்டால் நல்ல பொழுதுபோக்காக இருக்கும்.

முடிச்சு அவிழ்ந்தது 2010 மே 24 அன்று. பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ரயில் முனையம் 2011 ஜூலை 1 முதல் உட்லண்ட்ஸில். ரயில்வே வைத்திருந்த ஆறு நிலத் துண்டுகளுக்கு, அவற்றில் மூன்று புக்கிட் தீமாவில் உள்ளவை, ஈடாக மரினா சவுத்திலும் ஓஃபிர்-ரோச்சோர் பகுதியிலும் நிலம். இரண்டு நாடுகளின் முதலீட்டு நிறுவனங்களும் 60க்கு 40 என்ற பங்கில் அங்கே கட்டிய மரினா ஒன், டுவோ கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். 1990 ஒப்பந்தத்தில் இருந்த மற்ற மூன்று நிலத்துக்கு மேம்பாட்டுக் கட்டணம் உண்டா இல்லையா என்ற சச்சரவு மட்டும் அனைத்துலக நடுவர் மன்றம்வரை போனது. கிட்டத்தட்ட 1.47 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விவகாரம். 2014-இல் கட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பு வந்தது, இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன.

2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். 1924-இல் ஜொகூர் பாலத்தின் முறையான திறப்பு விழாவில் நின்றவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. அந்த உறவைச் சொல்லியே, கடைசி ரயிலை நான் ஓட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பதினோரு மணி வாக்கில் தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பிய அந்த ரயில் புக்கிட் தீமாவைத் தாண்டும்போது பிளாட்பாரம் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. பயணிகள் இல்லாத நிலையத்தில் அவ்வளவு கூட்டம் அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையிலிருந்து தண்டவாளத்தில் நடக்க ஜனங்களை விட்டார்கள். அதற்கப்புறம் வேலையாட்கள் வந்து தண்டவாளங்களைக் கழற்றினார்கள். இரும்பும் கட்டையும் மலேசிய ரயில் நிறுவனத்தின் சொத்து, எடுத்துப் போய்விட்டார்கள். புக்கிட் தீமாவில் நிலையத்துக்கு முன்னாலும் பாலங்களின் மேலும் கொஞ்சம் விட்டுவைத்தார்கள். நிலையக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக ரயில் நிற்பதற்கு முன்பே, 2011 மே மாதத்தில், அறிவித்திருந்தார்கள். மற்றபடி வழி முழுவதையும் துண்டு போட்டு விற்றிருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதற்குள் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010-லேயே, இந்த நாடா நிலத்தைப் பிய்க்காமல் பசுமை வழியாக வைத்திருங்கள் என்று ஒரு திட்டத்தை எழுதி அரசாங்கத்திடம் கொடுத்திருந்தது. நில நெருக்கடி உள்ள ஊரில் அது எடுபட்டது, என்னைக் கேட்டால், ரயில் கதையைவிடப் பெரிய கதை.

புக்கிட் தீமா நிலையம் பழுதுபார்க்கப்பட்டு 2022 ஜூலை 1 அன்று மறுபடி திறந்தது. தண்டவாளத்தின் பாதையை மாற்றும் கைப்பிடிகள் வரிசையாக நின்ற இடத்தைப் பார்க்கலாம். சாவிப் பெட்டி எப்படி வேலை செய்தது என்று உள்ளே விளக்கம் இருக்கிறது. ஆனால் ஓடுகிற ரயிலை நோக்கி வளையத்தை நீட்டுவது எப்படி இருக்கும் என்பதைப் பலகை எழுதி விளக்க முடியாது. வார்த்தையை நம்பி நானும் மேலே கொஞ்சம் முயன்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

பக்கத்திலேயே ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த வீடு இப்போது காப்பிக் கடை. அன்றைக்கு நான் கிளம்பும்போது அதன் கல்லாவுக்கு முன்னால் நீளமான வரிசை நின்றது. தாத்தாவும் பேத்தியும் அதில் நடுவாக்கில் நின்றிருந்தார்கள். பேத்தி கையில் பத்து வெள்ளித் தாளை மடித்துப் பிடித்திருந்தாள், டிக்கெட் வாங்கப் போகிறவள்போல.